ஒரு காயில் நல்லது செய்யும் பொருள் எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கேள்வி இது: "முருங்கைக்கீரையில் 46 ஆன்டி-ஆக்ஸிடென்ட் இருக்கிறது, ப்ரோக்கோலியில் புற்றுநோயைத் தடுக்கும் பொருள் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பிலும் செய்திகளிலும் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு காய்க்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான பொருள்களில் எது உடம்புக்கு நல்லது செய்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? இதையெல்லாம் எவ்வளவு தூரம் நம்பலாம்?"

தாவர வேதியியல் படித்து, அந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

இங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒரு காயில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போடுவது முதல் வேலை. அந்தப் பட்டியலில் எது உடம்புக்குள் போய் உருப்படியாக ஏதாவது செய்கிறது என்று காட்டுவது இரண்டாவது. இன்றைக்கு இருக்கும் கருவிகளை வைத்து முதல் வேலையைச் சில நாளில் முடித்துவிடலாம். இரண்டாவதற்கு இருபது, முப்பது வருஷம்கூட ஆகும், அப்போதும் பாதி பதில்தான் கிடைக்கும். செய்திகளில் வருவது பெரும்பாலும் முதல் வேலைதான், ஆனால் இரண்டாவதும் முடிந்துவிட்டதுபோல எழுதிவிடுகிறார்கள்.

இரண்டாவது வேலையை ஒழுங்காகச் செய்த கதைக்கு நல்ல உதாரணம் ப்ரோக்கோலி. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலலாய் என்று ஒரு மருந்தியல் பேராசிரியர் இருந்தார். அவர் காயிலிருந்து தொடங்கவில்லை, உடம்பிலிருந்து தொடங்கினார். நாம் சாப்பிடுகிற, சுவாசிக்கிற நச்சுகளைச் செயலிழக்கச் செய்து வெளியே தள்ள நம் செல்களிலேயே சில நொதிகள் இருக்கின்றன. சாதாரணமாக அவை மெத்தனமாகத்தான் வேலை செய்யும். சில வேதிப்பொருள்களைக் கொடுத்தால் அவற்றின் அளவு கூடுகிறது, அப்படிக் கூடிய விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளைக் கொடுத்தாலும் கட்டிகள் குறைவாக வருகின்றன என்று 1970களிலேயே தெரிந்திருந்தது. அப்படியானால் நாம் தினமும் சாப்பிடும் காய்களில் இந்த நொதிகளைத் தூண்டும் பொருள் இருக்கிறதா? தலலாய் குழு கேட்ட கேள்வி இதுதான்.

இதற்கு ஒரு சோதனை வேண்டும். மலிவாக, வேகமாக, நூறு மாதிரிகளை ஒரே நாளில் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். சுண்டெலியின் கல்லீரல் கட்டியிலிருந்து எடுத்து வளர்க்கப்படும் ஒரு வகை செல்லை 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தார்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு காயின் சாற்றை விட்டார்கள். க்வினோன் ரிடக்டேஸ் என்ற பாதுகாப்பு நொதி எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவு அடர்த்தியாக நீல நிறம் வரும்படி அமைத்தார்கள். நிறத்தைக் கருவி அளந்துவிடும். கடையில் வாங்கிய பலவகைக் காய்களை இப்படிப் பார்த்ததில் முட்டைக்கோஸ் குடும்பத்துக் காய்கள் தனியாகத் தெரிந்தன. அதிலும் ப்ரோக்கோலி பலமாகத் தெரிந்தது.

இனிமேல்தான் வேதியியல். சாற்றில் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்திருக்கும். அதை ஹெச்.பி.எல்.சி. என்ற கருவியில் ஒரு மெல்லிய குழாய் வழியாகச் செலுத்தினால், ஒவ்வொரு பொருளும் குழாய்க்குள் இருக்கும் துகள்களோடு ஒட்டிக்கொள்ளும் அளவைப் பொறுத்து முன்னும் பின்னுமாக வெளியே வரும். வருவதைச் சிறுசிறு பகுதிகளாகப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் மறுபடியும் அதே செல் தட்டில் சோதிக்க வேண்டும். நீலம் வராத பகுதியை ஓரம் வைத்துவிட்டு, வந்த பகுதியை மேலும் பிரிக்க வேண்டும். மறுபடி சோதனை, மறுபடி பிரிப்பு. கருவி வரையும் கோட்டில் கண்ணுக்கு அழகாகத் தெரியும் பெரிய உச்சத்தைத் துரத்தக் கூடாது, நொதி எங்கே கூடுகிறதோ அதன் பின்னால்தான் போக வேண்டும். ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் கஷ்டம். அளவில் அதிகமாக இருப்பதுதான் வேலை செய்யும் என்ற எண்ணம் யாருக்கும் எளிதில் போவதில்லை.

கடைசியில் அந்தத் தூண்டும் திறனில் பெரும்பங்கு ஒரே ஒரு பொருளில் போய் நின்றது. நிறைமாலைமானி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) அதன் மூலக்கூறு எடையைச் சொன்னது, 177. என்.எம்.ஆர். என்ற இன்னொரு கருவி எந்த அணு எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று சொன்னது. இந்த இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும், ஏனென்றால் எடை மட்டும் போதாது. வெங்காயத்தில் இருக்கும் குவர்செட்டினுக்கும், மல்பெரி குடும்பத்து மரங்களில் இருக்கும் மோரினுக்கும் ஒரே எடை, ஒரே அணு எண்ணிக்கை, ஆனால் இரண்டும் வேறு வேறு பொருள்கள். ப்ரோக்கோலியில் கிடைத்தது சல்ஃபோராஃபேன். கந்தகம் கொண்ட ஒரு ஐசோதயோசயனேட். இது உலகத்துக்குப் புதிய மூலக்கூறும் இல்லை. ஆய்வகத்தில் 1948லேயே தயாரித்திருந்தார்கள், பிறகு ஒரு களைச்செடியிலிருந்தும் எடுத்திருந்தார்கள். அது இப்படி ஒரு வேலை செய்யும் என்பதுதான் புதிது. தலலாய் குழு அதைச் செயற்கையாகவும் தயாரித்து, அதே செல்லில் விட்டு, அதே விளைவு வருகிறது என்று காட்டியது. சாற்றில் ஒட்டிக்கொண்டிருந்த வேறு ஏதோ ஒன்று இதைச் செய்திருக்கலாம் என்ற சந்தேகம் அதோடு போயிற்று. யூஷெங் ஜாங் முதல் ஆசிரியராக 1992இல் கட்டுரை வெளியானது. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. இரண்டு வருஷம் முன்புதான் அதிபர் ஜார்ஜ் புஷ் (அப்பா புஷ்), "நான் அமெரிக்க ஜனாதிபதி, இனி ப்ரோக்கோலி சாப்பிட மாட்டேன்" என்று பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். ப்ரோக்கோலி விவசாயிகளுக்கு இது நல்ல பதிலடி.

அப்புறம் ஒரு சிக்கல் உண்டு. முழு ப்ரோக்கோலியில் சல்ஃபோராஃபேன் அநேகமாக இல்லவே இல்லை. அதில் இருப்பது குளுக்கோராஃபனின் என்ற, சர்க்கரை ஒட்டிய முன்பொருள். செடியின் வேறு செல்களில் மைரோசினேஸ் என்ற நொதி தனியாக இருக்கும். புழு கடிக்கும்போதோ நாம் நறுக்கும்போதோ மெல்லும்போதோ செல்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன, அப்போதுதான் சல்ஃபோராஃபேன் உண்டாகிறது. கடுகை அரைத்தால் மட்டும் மூக்கைத் துளைக்கும் காரம் வருவதும் இதே ஏற்பாடுதான். பூண்டிலும் இப்படித்தான்: முழுப் பல்லில் அல்லிசின் கிடையாது, நசுக்கினால்தான் வரும். செடியைப் பொறுத்தவரை இவையெல்லாம் பூச்சியை விரட்டும் ஆயுதங்கள், நமக்காகச் செய்யப்பட்டவை இல்லை. ஆய்வாளருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. காயை எப்படிச் சாறெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே அதில் என்ன "இருக்கும்" என்பது மாறிவிடும். கொதிக்கும் மெத்தனாலில் நேராகப் போட்டால் நொதி செத்துவிடும், குளுக்கோராஃபனின் மட்டும்தான் கிடைக்கும். பச்சையாக அரைத்துச் சிறிது நேரம் விட்டால் சல்ஃபோராஃபேன் கிடைக்கும். காய் ஒன்றுதான், பட்டியல் இரண்டு.

இது செல்லுக்குள் போய் என்ன செய்கிறது என்பது தெளிவாக மேலும் சில வருஷங்கள் ஆயின. நம் செல்களில் என்.ஆர்.எஃப்.2 என்ற புரதம் இருக்கிறது. பாதுகாப்பு நொதிகளுக்கான மரபணுக்களை இயக்குவது அதன் வேலை. சாதாரண நேரத்தில் கீப்1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்துக்கொண்டு, உடனுக்குடன் அழிய வைக்கிறது. 1999இல் ஜப்பானில் மசயூகி யமமோட்டோ குழு இந்தக் கீப்1ஐ அடையாளம் கண்டது. சல்ஃபோராஃபேன் கீப்1இல் இருக்கும் கந்தக முனைகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. பிடி விட்டுப்போகிறது, என்.ஆர்.எஃப்.2 உட்கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்குகிறது. ஆக, சல்ஃபோராஃபேன் தானே போய் எந்த நச்சையும் எதிர்த்துச் சண்டை போடுவதில்லை. உடம்பின் சொந்தப் பாதுகாப்பை எழுப்பிவிடுகிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் கல்லூரி கல்லூரியாக நடக்கும் "காய்கறியில் மருத்துவப் பொருள்" ஆய்வுகளில் அதிகம் பயன்படும் இரண்டு முறைகளாலும் சல்ஃபோராஃபேனைப் பிடித்திருக்க முடியாது.

முதலாவது, டி.பி.பி.ஹெச். சோதனை. ஊதா நிறக் கரைசலில் சாற்றை விட்டால் நிறம் வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு ஆன்டி-ஆக்ஸிடென்ட் சக்தி என்று எழுதிவிடுவார்கள். செலவு குறைவு, அரை மணியில் முடிவு. ஆனால் அது சோதனைக் குழாயில் நடக்கும் ஒரு வேதிவினை மட்டுமே. அந்தப் பொருள் குடலில் உறிஞ்சப்படுமா, கல்லீரல் அதை என்ன செய்யும், ரத்தத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று எதையும் அது சொல்லாது. சல்ஃபோராஃபேன் நேரடியாக எலக்ட்ரானைக் கொடுத்து நிறத்தை வெளுக்க வைக்கும் ரகம் இல்லை என்பதால் இந்தச் சோதனையில் சோடையாகத்தான் தெரியும். இப்படிப்பட்ட சோதனைக் குழாய் எண்களை உணவு உணவாகத் தொகுத்து அமெரிக்க வேளாண்மைத் துறையே ஒரு பட்டியல் வைத்திருந்தது. அந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, விளம்பரத்துக்குத்தான் அதிகம் பயன்படுகிறது என்று 2012இல் அவர்களே அதை எடுத்துவிட்டார்கள். "46 ஆன்டி-ஆக்ஸிடென்ட்" வகைச் செய்திகளை நான் படிக்காமல் தாண்டிப் போவது இதனால்தான்.

இரண்டாவது, ஜி.சி.எம்.எஸ். சாற்றைச் சூடாக்கி ஆவியாக்கி, பிரித்து, ஒவ்வொன்றின் உடைந்த துண்டுகளையும் கணினியில் இருக்கும் நூலகத்தோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லும் கருவி. வாசனைப் பொருள்களுக்கு அருமையான முறை. ஆனால் காய்கறியில் முக்கியமான பல பொருள்களில் சர்க்கரை ஒட்டியிருக்கும், அவை ஆவியாகாது. குளுக்கோராஃபனின் அப்படித்தான். சல்ஃபோராஃபேனோ அந்தச் சூட்டில் சிதைந்து வேறொன்றாகிவிடும். பிறகு எதுதான் பட்டியலில் வரும்? ஹெக்ஸாடெக்கனோயிக் அமிலம் வரும். பெயர் மிரட்டும், ஆனால் அது பாமாயிலில் தாராளமாக இருக்கும் பால்மிட்டிக் அமிலம்தான். பச்சையத்திலிருந்து வரும் பைட்டால் வரும். சில கட்டுரைகளில் தாலேட்டுகளும் சிலோக்ஸேன்களும்கூட "தாவரத்தில் உள்ள மருந்துப் பொருள்" என்று அட்டவணையில் உட்கார்ந்திருக்கும். தாலேட் பெரும்பாலும் பிளாஸ்டிக் பாத்திரத்திலிருந்து வந்தது, சிலோக்ஸேன் கருவியின் குழாயிலிருந்தே கசிந்தது. அதற்குப் பக்கத்தில் "புற்றுநோய் எதிர்ப்பு, சர்க்கரை நோய் எதிர்ப்பு" என்று ஒரு கட்டம் வேறு.

கணினி சொன்ன பெயரை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு 2007லேயே ஒரு தர வரிசை வகுத்திருக்கிறார்கள். தூய்மையான மாதிரிப் பொருளை வாங்கி, அதே கருவியில் அதே நிலைமையில் ஓட்டி, இரண்டு அளவுகளாவது ஒத்துப்போனால்தான் முதல் தரம், அதாவது "அடையாளம் கண்டோம்" என்று சொல்லலாம். நூலகத்தோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தது இரண்டாம் தரம், "இதுவாக இருக்கலாம்". இன்ன குடும்பத்தைச் சேர்ந்தது என்று மட்டும் தெரிந்தால் மூன்று. ஒன்றுமே தெரியாவிட்டால் நான்கு. கட்டுரையைப் படிக்கும்போது மாதிரிப் பொருளோடு ஒப்பிட்டார்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு கேள்விக்குறியை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

சரி, பொருளும் உறுதி, செல்லில் வேலை செய்வதும் உறுதி. மனிதனுக்கு? இங்கேதான் பெரும்பாலானவை விழுந்துவிடுகின்றன. குவர்செட்டின் போன்ற ஃபிளேவனாய்டுகளை ஆய்வகத்தில் செல்லின்மேல் ஊற்றும் அளவு, சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் வரும் அளவைவிடப் பல மடங்கு அதிகம். ரத்தத்தில் இருப்பதும் அதே வடிவில் இல்லை, குடலும் கல்லீரலும் அதை மாற்றிவிட்டிருக்கும்.

சல்ஃபோராஃபேன் இந்த இடத்தில் கொஞ்சம் தேறியது. உறிஞ்சப்படுகிறது, சிறுநீரில் அதன் மிச்சத்தை அளக்க முடிகிறது. தலலாய் குழுவில் இருந்த ஜெட் ஃபேகி 1997இல், மூன்று நாள் முளைவிட்ட ப்ரோக்கோலியில் குளுக்கோராஃபனின் முற்றிய காயைவிட 10 முதல் 100 மடங்கு இருக்கிறது என்று காட்டினார். அந்த முளைகளை வைத்துச் சீனாவின் சீடோங் பகுதியில் சோதனைகள் நடந்தன. அங்கே தானியத்தில் வரும் பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சினால் கல்லீரல் புற்றுநோய் அதிகம், காற்று மாசும் அதிகம். 2014இல் வெளியான முடிவில், 12 வாரம் முளைப் பானம் குடித்தவர்களின் சிறுநீரில் பென்சீன் கழிவு 61 சதவீதமும் அக்ரோலின் கழிவு 23 சதவீதமும் கூடியிருந்தது. 291 பேர் கலந்துகொண்ட சோதனை அது. அதாவது மாசுப் பொருள்களை உடம்பு வேகமாக வெளியேற்றியது. நல்ல செய்திதான். ஆனால் கவனியுங்கள், யாருக்கும் புற்றுநோய் வராமல் தடுத்தது என்று அதில் காட்டவில்லை. அதைக் காட்ட ஆயிரக்கணக்கான பேரைப் பல வருஷம் பின்தொடர வேண்டும். முதல் கட்டுரை வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகும், இருப்பவற்றிலேயே நன்றாக ஆராயப்பட்ட ஒரு பொருளின் நிலைமை இது.

அப்படியானால் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து மாத்திரையாகச் சாப்பிட்டு வைத்தால் என்ன? பீட்டா கரோட்டின் கதை தெரிந்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். கேரட், கீரை அதிகம் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்தது. அவற்றில் பீட்டா கரோட்டின் இருக்கிறது, ஆகவே அதுதான் காரணம் என்று நினைத்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துச் சோதனை நடத்தினார்கள். 1994இல் முடிவு வந்தது: தினம் 20 மில்லிகிராம் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் இதேபோல் நடந்த இன்னொரு சோதனையை 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள், அங்கே 28 சதவீதம் கூடுதல். கேரட்டில் தப்பில்லை. கேரட்டிலிருந்து ஒரு பொருளை மட்டும் உருவி, உணவில் வராத அளவில், புகை படிந்த நுரையீரலுக்குக் கொடுத்ததில்தான் விவகாரம்.

இப்போது நம் முருங்கைக்கு வருகிறேன். முருங்கையும் ப்ரோக்கோலியும் தாவரவியல்படி தூரத்துச் சொந்தம், இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. முருங்கையிலும் குளுக்கோசினோலேட் (குளுக்கோராஃபனின் சேர்ந்த வகைப் பொருள்) உண்டு, மைரோசினேஸும் உண்டு. அதன் தனித்தன்மை, அந்த மூலக்கூறில் கூடுதலாக ராம்னோஸ் என்ற ஒரு சர்க்கரை ஒட்டியிருப்பது. நொதி வேலை செய்த பிறகு வரும் ஐசோதயோசயனேட்டுக்கு மோரிங்கின் என்று பெயர். கடுகின் காரப்பொருளைப் போல ஆவியாகிப் பறந்துவிடாமல், திடப்பொருளாக நிலையாக இருக்கும். ஆய்வுக்கு இது பெரிய வசதி. இலையில் குவர்செட்டின், கெம்ஃபெரால் இரண்டும் சர்க்கரை ஒட்டிய வடிவில் இருக்கின்றன, குளோரோஜெனிக் அமிலங்களும் இருக்கின்றன. இவை மாதிரிப் பொருளோடு ஒப்பிட்டு உறுதி செய்யப்பட்டவை. செல்லிலும் எலியிலும் மோரிங்கினுக்கு நல்ல முடிவுகள் உண்டு. மனிதர்களிடம் நடந்தவை பெரும்பாலும் சின்னச் சோதனைகள். முருங்கை சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று சொல்லும் அளவுக்கு எதுவும் இல்லை. இரும்பு, கால்சியம், புரதம், விட்டமின் ஏ தரும் முன்பொருள்கள் என்று அதன் சாதாரணச் சத்துக்களே போதுமான காரணம் சாப்பிடுவதற்கு, அதற்கு மேல் புற்றுநோய்ப் பட்டயம் எல்லாம் தேவையில்லை என்பது என் கருத்து.

அடுக்களையில் இதனால் என்ன மாறும் என்று கேட்டால், ப்ரோக்கோலி விஷயத்தில் கொஞ்சம் மாறும். வேகவைத்தால் மைரோசினேஸ் செத்துவிடுகிறது. குடல் பாக்டீரியா ஓரளவு அந்த வேலையைச் செய்யும், ஆனால் ஆளுக்கு ஆள் மிகவும் மாறும். 2008இல் நெதர்லாந்தில் பார்த்தபோது, பச்சை ப்ரோக்கோலியிலிருந்து 37 சதவீதம் சல்ஃபோராஃபேன் உடம்பில் சேர்ந்தது, வேகவைத்ததிலிருந்து 3.4 சதவீதம்தான். அதற்காகப் பச்சையாகக் கடிக்க வேண்டியதில்லை. நறுக்கிச் சிறிது நேரம் அப்படியே வைத்துவிட்டு, பிறகு ஆவியில் இரண்டு மூன்று நிமிஷம் வைத்தால் போதும். தண்ணீரில் போட்டுக் குழைய வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டுவதுதான் மோசம், குளுக்கோராஃபனினே தண்ணீரில் கரைந்து போய்விடும்.

நன்றாக வெந்துதான் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தில் வெந்த ப்ரோக்கோலியின்மேல் கடுகுப் பொடி தூவிக் கொடுத்துப் பார்த்தார்கள். கடுகில் இருக்கும் மைரோசினேஸ் கொஞ்சம் சூடு தாங்கும், ப்ரோக்கோலியில் செத்துப்போன நொதியின் வேலையை அது செய்தது, உடம்பில் சேர்ந்த சல்ஃபோராஃபேனும் பல மடங்கு கூடியது. ஆனால் நாம் தாளிக்கும் கடுகு இதற்கு உதவாது. கொதிக்கும் எண்ணெயில் பொரிந்த கடுகில் எந்த நொதியும் உயிரோடு இருக்காது. பச்சைக் கடுகைப் பொடித்து வைத்துக்கொண்டு, அடுப்பிலிருந்து இறக்கி, ஆவி அடங்கிய பிறகு கால் டீஸ்பூன் தூவிக் கிளறலாம். முட்டைக்கோஸ் பொரியலுக்கும் இது நன்றாகவே இருக்கும். என்ன, அதில் குளுக்கோராஃபனின் குறைவு என்பதால் உண்டாவது பெரும்பாலும் வேறு ஐசோதயோசயனேட்டுகளாக இருக்கும். அதிகம் தூவிவிட்டால் கசக்கும்.